ஏழாம் கல்லுக்கு நேர்மேலே

ஒரு காட்டில், யாரோ சுவர் எழுப்பி வைத்தது போல நட்டமாக நின்ற பாறை ஒன்று இருந்தது. அந்தக் காட்டில் மரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பாறையின் பொந்துகளுக்குத்தான் போட்டி. வெயில் காலத்தில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பனிக்காலத்தில் கதகதப்பாக இருக்கும்.

குடியிருப்பவர்கள் பெருகப் பெருக ஒரு தொல்லை வந்தது. "பாறை இடுக்கில் இருக்கிறேன், வந்து பாருங்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், எந்த இடுக்கு என்று தேடுவதிலேயே மற்றவருக்குப் பொழுது போய்விடும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாயிற்று.

பாறையின் இடது ஓரத்தில் ஒரு மருத மரம் நின்றது. அதிலிருந்து வலப்பக்கமாக, ஒரு யானை நீளத்துக்கு ஒன்று என்று, பாறையின் காலடியில் பன்னிரண்டு வெள்ளைக் கற்களைப் பதித்தார்கள். மரத்திலிருந்து எத்தனையாவது கல் என்பது தரை எண்.

பாறையின் முகத்தில், படுக்கைவாட்டில் பத்து வரிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடின. ஒவ்வொரு வரியும் ஒரு சாண் அகலம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கீழேயிருந்து எத்தனையாவது வரி என்பது உயர எண். தரையிலேயே குடியிருப்பவருக்கு உயர எண் பூஜ்யம்.

"எங்கே இருக்கிறாய்?" என்று யார் கேட்டாலும் இரண்டு எண்ணும் சொல்லியாக வேண்டும். முதலில் தரை எண், பிறகு உயர எண். "மூன்று, இரண்டு" என்றால் மூன்றாம் கல்லுக்கு மேலே இரண்டாம் வரி. பால்குடி மறக்காத குட்டிக்குக்கூட இது பாடம்.

ஏழு, ஐந்தில் வரிச்சி என்ற அணில் குடியிருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள்: சுள்ளி, துரும்பு, கீற்று. வரிச்சிக்கு ஒரு குணம். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. கொட்டையை ஒளித்து வைத்தால் தோண்டிப் பார்த்து மறுபடி மூடுவாள். குட்டிகளைக் கூப்பிட்டு எண்ணினால், மூச்சு விட்டு மறுபடியும் எண்ணுவாள்.

நான்கு வரி மேலே, ஏழு, ஒன்பதில் இருந்த மைனாவுக்கு இது தினமும் வேடிக்கை.

"வரிச்சி, நேற்றும் மூன்றுதான், இன்றைக்கும் மூன்றுதான். நாளைக்கு நாலானால் எனக்குச் சொல்லி அனுப்பு" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பாள்.

பாறையின் உச்சியில் ஒரு சுனை இருந்தது. அதன் கரையில் நின்ற இச்சி மரம், கரைக் கற்களுக்கு நடுவே தன் வேர் ஒன்றைச் செருகி, கீழே தொங்கவிட்டிருந்தது. அந்த வேர் உச்சியிலிருந்து தரை வரை, ஏழாம் கல்லுக்கு நேராக, குண்டு கட்டித் தொங்கவிட்ட கயிறு மாதிரி இறங்கியது. அணில் குட்டிகள் மூன்றுக்கும் அதுதான் ஏணி, அதுதான் ஊஞ்சல்.

அந்த வருஷம் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. எல்லாரும் நனைந்த உடம்பைக் காய வைக்க வரிகளுக்கு வந்தார்கள். அப்போது பாறையின் விளிம்பில் உடும்பின் தலை தெரிந்தது.

உடும்பு உச்சியில் தனியாகக் குடியிருப்பவர். பிடித்தால் விடமாட்டார். அதே போல, பேசினால் ஒரு சொல் கூடுதலாகப் பேசமாட்டார்.

"சுனை நிறைந்துவிட்டது. கரை உடையப் போகிறது. ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மருத மரத்தின் நிழல் அதன் காலடிக்கு வரும்வரை பிடிப்பேன். அப்புறம் என் கையில் இல்லை" என்றார்.

வரிகளில் வெயில் காய்ந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எந்த இடம், மாமா?" என்று வரிச்சி கேட்டாள்.

"தரை எண் ஏழு."

"உயர எண்?"

"உயர எண் கிடையாது. தரை எண் ஏழு. அவ்வளவுதான்."

தலை மறைந்தது.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒற்றை எண்ணில் இடம் சொல்லி அந்தப் பாறையில் யாரும் கேட்டதில்லை. வழக்கம் போல எல்லாருடைய பார்வையும் நரியார் பக்கம் திரும்பியது.

நரியாருக்குத் தெரியாது என்ற சொல்லே தெரியாது. ஏழு, ஒன்றில் அகலமான திட்டு ஒன்று உண்டு. தரையிலிருந்து ஒரே தாவலில் அதில் ஏறி நின்றுதான் அவர் எப்போதும் பேசுவார். அன்றைக்கும் ஏறினார். வாலைச் சுருட்டிக் கால்மேல் போட்டுக்கொண்டார்.

"இதில் குழம்ப என்ன இருக்கிறது? உடும்பார் சோம்பேறி. பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மீதியை நாம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். உயர எண் கிடையாது என்றால் என்ன? பூஜ்யம். அதுவும் தரை எண் என்றுதானே சொன்னார்? ஆக, ஆபத்து தரையில். தண்ணீர் கீழே விழும். விழுகிற இடத்தில்தான் அடி. ஏழு, பூஜ்யம். ஒரே ஒரு வீடு. ஏழு, பூஜ்யத்தில் யார்?"

"நான்தான்" என்றது ஒரு ஈனக் குரல். ஏழாம் கல்லுக்கு அடியில் குடியிருந்த கிழட்டுத் தேரை.

"வருத்தம்தான், தேரையாரே. உங்கள் ஒருவருக்குத்தான் இந்த வருஷம் மழை இன்னும் விடவில்லை" என்றார் நரியார்.

சிலர் சிரித்தார்கள். ஆபத்து பக்கத்து வீட்டோடு நின்றுவிட்டது என்று தெரிந்ததும் வருகிற சிரிப்பு அது. பாறை முழுவதும் "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு ஓடியது. வரிச்சியும் அதில் சேர்ந்துகொண்டாள். நமக்கு உயர எண் ஐந்து. பூஜ்யம் எங்கே, ஐந்து எங்கே என்று நினைத்தாள்.

ஆனால் தேரையைப் பார்க்க அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. அது கல்லடியிலிருந்து பாதி வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது.

"தேரைச் சித்தப்பா, மேலே வாருங்கள். எங்கள் பொந்தில் இடம் இருக்கிறது. ஐந்து வரி உயரத்தில் உங்களை எந்தத் தண்ணீர் தொடும்?"

"ஏறிப் பழக்கமில்லையே, வரிச்சி."

"வேரைக் கட்டிக்கொள்ளுங்கள். மற்றது எங்கள் பாடு."

சுள்ளி முன்னாலிருந்து இழுத்தான். துரும்பு பின்னாலிருந்து தள்ளினான். தேரை ஒவ்வொரு வரியிலும் நின்று, "நான் இங்கேயே இருந்துவிடுகிறேனே" என்று கெஞ்சியது. ஒருவழியாக ஏழு, ஐந்துக்கு வந்து, பொந்தின் மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"புண்ணியமாகப் போகும், தாயி" என்றது.

வரிச்சி வெளியே வந்து மருத மரத்தைப் பார்த்தாள். நிழல் இன்னும் நாலு முழம் நீண்டு கிடந்தது. இனி அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே வேலை.

"சுள்ளி, எங்கே இருக்கிறாய்?"

"ஏழு, எட்டு" என்று வேரின் மேல்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"துரும்பு?"

"ஏழு, இரண்டு."

"கீற்று?"

"ஏழு, ஐந்து. உன் வாலுக்குப் பின்னால்தான், அம்மா."

மூன்றும் சரி. மூச்சு விட்டாள். பழக்கம் விடுமா? மறுபடியும் கூப்பிட்டாள்.

குட்டிகள் ஓரிடத்தில் நிற்குமா? அதற்குள் இடம் மாறியிருந்தன.

"ஏழு, நாலு" என்றான் சறுக்கிக்கொண்டிருந்த சுள்ளி.

"ஏழு, பூஜ்யம். தேரைத் தாத்தா வீட்டைப் பார்க்க வந்தேன்" என்றான் துரும்பு.

"ஏழு, ஆறு" என்றாள் கீற்று.

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் வரிச்சியின் மயிர் ஏனோ சிலிர்த்தது. எட்டு, இரண்டு, ஐந்து, நாலு, பூஜ்யம், ஆறு. குட்டிகள் மேலே போயின, கீழே வந்தன. இரண்டாவது எண் குதித்துக்கொண்டே இருந்தது. முதல் எண் மட்டும் அசையவே இல்லை. வேரில் எங்கே நின்றாலும் ஏழு. உச்சியில் ஏழு. தரையில் ஏழு. இந்த வீட்டிலும் ஏழு.

உடும்பு மாமா சொன்னதும் அந்த ஒரு எண்ணைத்தான்.

ஒரே ஓட்டமாக வேரைப் பிடித்து விளிம்புக்கு ஏறினாள். சுனைக் கரையில் உடும்பு ஒரு கல்லை நாலு காலாலும் கட்டிக்கொண்டு கிடந்தார். கல்லின் இரண்டு பக்கமும் தண்ணீர் கசிந்தது.

"மாமா, ஒரு சந்தேகம். உயர எண் ஐந்து. அந்த வீட்டுக்கு ஆபத்து உண்டா?"

உடும்பு கண்ணைத் திறக்கவில்லை. "தரை எண்?"

"ஏழு."

"உண்டு."

"உயர எண் ஒன்பது?"

"தரை எண்?"

"ஏழு."

"உண்டு."

"உயர எண் ஒன்று? பூஜ்யம்?"

"தரை எண்ணை மட்டும் சொல்லு, வரிச்சி. மற்றதைச் சொல்லி என் மூச்சை ஏன் வாங்குகிறாய்?"

வரிச்சி விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்தாள். தேரைச் சித்தப்பாவை ஆபத்திலிருந்து தூக்கி, அதே ஆபத்துக்குள் ஐந்து வரி உயர்த்தி உட்கார வைத்திருக்கிறாள். குட்டிகளையோ ஆபத்து இறங்கப்போகிற வேரிலேயே ஊஞ்சலாட விட்டிருக்கிறாள்.

ஏழாம் கல்லுக்கு நேராக, அவளையும் தேரையையும் தவிர மைனா மட்டும்தான் குடி. இறங்குகிற வழியில் ஏழு, ஒன்பதில் நின்றாள். மைனாவின் கூட்டில் இன்னும் சிறகு முளைக்காத குஞ்சு ஒன்று இருந்தது.

"அக்கா, உடனே எட்டாம் கல்லுக்கு நேராக நகருங்கள்."

"நானா? ஒன்பது வரி உயரத்தில் இருப்பவளைத் தண்ணீர் என்ன செய்யும்? போய்க் குட்டிகளை எண்ணு."

"உங்கள் முதல் எண் என்ன?"

"ஏழு" என்று சொன்ன மைனா, திறந்த அலகை மூடவே இல்லை.

"குஞ்சுக்குப் பறக்கத் தெரியாதே" என்றாள், குரல் இறங்கி.

"என் வாயில் கொடுங்கள்."

"அணில் வாயிலா? போன வருஷம் என் முட்டை ஒன்று காணாமல் போனது. யார் என்று நான் கேட்கவில்லை."

"கேட்காததற்கு நன்றி, அக்கா. இன்றைக்கு என் வாயில் பசி இல்லை. நிழலைப் பாருங்கள்."

நிழல் இரண்டு முழமாகச் சுருங்கியிருந்தது. மைனா பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள். வரிச்சி குஞ்சை மெல்லக் கவ்விக்கொண்டு ஒன்பதாம் வரியோடு வலப்பக்கம் ஓடினாள். மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. எட்டு, ஒன்பதில் ஒரு வெடிப்பு இருந்தது. குஞ்சை அதற்குள் விட்டாள். மைனா மேலே படபடவென்று பறந்தபடியே வந்து, குஞ்சின் உடம்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவை அலகால் தடவிப் பார்த்தாள்.

"சரியாக இருக்கிறதா?" என்று கேட்டாள் வரிச்சி.

"எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒன்றுதான்" என்றாள் மைனா.

வரிச்சி ஐந்தாம் வரிக்கு வந்தாள். எட்டு, ஐந்தில் கிளிகள் விட்டுப்போன பொந்து ஒன்று நாற்றமடித்துக்கொண்டு காலியாக இருந்தது. நாற்றத்தைப் பார்க்கிற நேரமா அது?

"சித்தப்பா, எழுந்திருங்கள். வீடு மாறுகிறோம்."

"இன்னும் மேலேயா?" என்றது தேரை, அழுகிற குரலில்.

"இல்லை. ஒரு வரிகூட ஏற வேண்டாம். பக்கவாட்டில் ஒரு கல் தூரம். அவ்வளவுதான்."

"அப்படியானால் காலையிலேயே ஏழாம் கல்லிலிருந்து எட்டாம் கல்லுக்குத் தத்திப் போயிருப்பேனே, தாயி. இத்தனை உயரம் எதற்கு ஏறினேன்?"

வரிச்சி தன் வாலை அதன் பக்கம் நீட்டினாள். "தப்பு என்னுடையது, சித்தப்பா. என் வாலைப் பிடித்துக்கொண்டு நடங்கள்" என்றாள்.

சுள்ளி முன்னால், அடுத்து வரிச்சி, அவள் வாலைக் கவ்வியபடி தேரை, தேரைக்குப் பின்னால் கீற்று. வரியோடு வரியாக நகர்ந்தார்கள். துரும்பு மட்டும் இன்னும் கீழே இருந்தான்.

"துரும்பு, மேலே வராதே. இருக்கிற இடத்திலிருந்தே எட்டாம் கல்லுக்கு ஓடு."

"எந்த வரிக்கு, அம்மா?"

"எந்த வரி என்றாலும் சரி. முதல் எண் எட்டாக இருக்கட்டும்."

நரியார் இன்னும் தன் திட்டில்தான் இருந்தார். வேடிக்கை பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

"என்ன, வரிச்சி, ஐந்தாம் வரிக்கு வெள்ளம் வருகிறதோ? அணில் புத்திக்கு எல்லாமே இரண்டு தடவைதான்" என்று சிரித்தார்.

"நரியாரே, அங்கிருந்து இறங்கி இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்."

"நான் ஏழு, ஒன்றில் இருக்கிறேன். ஆபத்து ஏழு, பூஜ்யத்தில். கணக்கு தெரியாதவர்களிடம் என்ன பேச?"

"தண்ணீர் பூஜ்யத்துக்கு எந்த வழியாக வரும்?"

"மேலேயிருந்து."

"மேலேயிருந்து என்றால் பத்தைத் தாண்டி, ஒன்பதைத் தாண்டி, ஐந்தைத் தாண்டித்தானே? ஒன்றை மட்டும் விட்டுவிட்டா தாண்டும்?"

நரியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. மருத மரத்தைப் பார்த்தார். நிழல் மரத்தின் காலடியில் சுருண்டு கிடந்தது.

"வழக்கமாக நான் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்" என்று ஆரம்பித்தார்.

உச்சியில் கல் ஒன்று உருளுகிற சத்தம் கேட்டது. அவர் பேசி முடிக்கவில்லை. தாவினார். உடம்பு தப்பித்தது, வால் தப்பவில்லை.

சுனை உடைந்து இறங்கியது. கல்லும் சேறும் இச்சி மரத்துக் கிளைகளுமாக, பாறையை ஒட்டியே, உச்சியிலிருந்து தரை வரை ஒரே நேராக வந்தது. மைனாவின் கூடு போயிற்று. வரிச்சி சேர்த்து வைத்திருந்த கொட்டைகள் பொந்தோடு அலசிக்கொண்டு போயின. நரியாரின் திட்டு பெயர்ந்தது. தேரையின் கல் இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. ஆனால் இந்தப் பக்கம் ஆறாம் கல்லுக்கு மேலேயோ, அந்தப் பக்கம் எட்டாம் கல்லுக்கு மேலேயோ இருந்தவர்களுக்குத் தூறல்தான் விழுந்தது. யாரோ சுண்ணாம்பைத் தொட்டுப் பாறையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தது போல வெள்ளையாக நின்றது தண்ணீர்.

இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சாரலில் ஒன்றும் தெரியவில்லை. வரிச்சி கிளிப் பொந்தின் வாசலில் நின்று கத்தினாள்.

"சுள்ளி!"

"எட்டு, ஐந்து" என்றான் பக்கத்திலிருந்து.

"கீற்று?"

"எட்டு, ஐந்து. தேரைத் தாத்தா என் காலை மிதித்துக்கொண்டிருக்கிறார்."

"துரும்பு?"

பதில் இல்லை. தண்ணீரின் சத்தம் மட்டும். வரிச்சியின் நகங்கள் பாறையைப் பிறாண்டின. மறுபடியும் கூப்பிட்டாள்.

"துரும்பு, எங்கே இருக்கிறாய்?"

கீழேயிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு சின்னக் குரல் வந்தது.

"எட்டு, அம்மா. எட்டு. இரண்டாவது எண் பூஜ்யம்."

வரிச்சி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் எல்லாரோடும் சேர்ந்து விட்ட பெருமூச்சு ஞாபகம் வந்தது. அது தொண்டையோடு நின்ற மூச்சு. இப்போது விட்டது அடிவயிற்றிலிருந்து வந்தது.

மாலையில் தண்ணீர் வடிந்தது. உடும்பு மெதுவாக இறங்கி வந்தார். முன்னங்கால்கள் இரண்டும் சிராய்த்திருந்தன. நரியார் ஈர வாலைப் பிழிந்தபடி அவரை மறித்தார்.

"உடும்பாரே, சொல்வதை முழுசாகச் சொல்லியிருந்தால் இத்தனை கூத்து நடந்திருக்குமா?"

"முழுசாகத்தான் சொன்னேன்" என்றார் உடும்பு.

"உயர எண்?"

"எதைச் சொல்ல? எல்லா உயரமும்தான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தால் கல்லை யார் பிடிப்பது?"

காலையில் எச்சரித்ததை விட்டால், அவர் அன்றைக்குப் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. பிறகு மருத மரத்தடியில் போய்ப் படுத்துவிட்டார்.

எட்டு, ஒன்பதிலிருந்து மைனா குரல் கொடுத்தாள். "வரிச்சி, இன்றைக்கு எத்தனை?"

"மூன்று, அக்கா. இருங்கள், இன்னொரு தடவை எண்ணிவிட்டுச் சொல்கிறேன்."

"எண்ணு, எண்ணு" என்றாள் மைனா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

நீதி: சொல்லாமல் விட்ட எண்ணைப் பூஜ்யம் என்று எண்ணாதே, அது எந்த எண்ணாகவும் இருக்கலாம், உன்னுடையதாகவும் இருக்கலாம்.